வெடிமருந்து வாடை

“இந்தத் தூளு எங்களுக்கு வேணாங்க ஐயா,” என்று தேயிலை ஆலையின் டீமேக்கர் கனகலிங்கத்தின் மேசைமேல் தேநீர்ப் போணியை வைத்தாள் மீனம்மா.

சூயஸ் சண்டைக்குச் சாமான் ஏற்றவென்று பிரிட்டிஷ் பட்டாளம் ஒரு சரக்குக் கப்பலை வாடகைக்கு எடுத்திருந்தது. அதில் முன்பே ஏற்றியிருந்த தோட்டத்துத் தேயிலையை இறக்கியபோது உடைந்த பெட்டிகள் திரும்பி வந்தன. துரை அவற்றைத் தொழிலாளர் லயங்களுக்குப் பங்கிடச் சொல்லியிருந்தார்.

“ஏன், தேயிலைக்கு என்ன பிழை?”

“சாயமே எறங்கலைங்க. என்னமோ புது வாடை வேற. வெடிமருந்துக்குப் பக்கத்துல அடுக்கியிருப்பாங்க. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்குமே! லயத்துல எல்லாரும் சாக்கடைக் கானுல ஊத்திட்டோம். ஆனா மாசமா இருக்கிற என் மருமக ஒரு கோப்பை குடிச்சிட்டா. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமாங்க?”

கனகலிங்கம் ஒரு மடக்கை வாயில் உருட்டினார். வழக்கமாகச் சுவை பார்த்துத் துப்புகிறவர், இதை விழுங்கிவிட்டார்.

“பயப்பிடாதை. இதிலை ஒரு மருந்தும் இல்லை. நீங்கள் கிள்ளின கொழுந்துதான். லண்டனுக்குப் போற முதல்தரத் தேயிலை இப்பிடித்தான் மணக்கும்.”

மீனம்மா போணியையே பார்த்தாள்.

“அப்ப மாசாமாசம் எங்களுக்குக் குடுக்கிறீங்களே, அது என்னாங்க?”

மெஷினடியில் சிந்திய தூளை லயத்துச் சாக்குக்காகக் கூட்டிக்கொண்டிருந்த பொன்னையா துடைப்பத்தை நிறுத்தினான்.