பத்துக்கு எட்டு

"இந்தப் புது கேமுக்கு வாசகர்கள் தரப்போற மார்க்கை யார் சரியாச் சொல்றீங்களோ, வீடியோ கேம் விமர்சனப் பக்கம் அவங்களுக்குத்தான்," என்றார் பத்திரிகை ஆசிரியர்.

புது கேமை மூன்று நாள் ஆடிப் பார்த்து, பத்துக்கு எட்டு என்று குறித்து வைத்தேன்.

பக்கத்து மேசைக்காரியின் தாளிலும் எட்டு. எனக்கு வயிறு எரிந்தது. இந்தப் பக்கத்திலுமா இவளோடு பங்கு? அவள் போட்ட எண்ணே வேண்டாமென்று எட்டை அடித்து நான்காக்கிக் கொடுத்தேன்.

வாசகர்கள் எட்டு கொடுத்தார்கள். பக்கம் அவளுக்குப் போனது.

"எப்படிடீ கரெக்டா சொன்னே?" சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே. நான் அந்த கேமைத் தொடவே இல்லை. உன் தாள்ல எட்டு இருந்தது. உன் கணிப்பு என்னைக்குமே தப்பாதேன்னு அப்படியே எழுதிட்டேன். நீ ஏன்டீ மாத்தினே?"