எடை மெஷினில் இருவர்

ஒன்றரை வயது யாழினிக்குப் பால், முட்டை, கோதுமை எதுவும் ஒத்துக்கொள்ளாது; தாய்ப்பாலும் அரிசிக் கஞ்சியும்தான். தாய்ப்பால் வழியாகப் போய்விடக் கூடாதென்று மேகலையும் அவற்றைத் தொடுவதில்லை. ஞாயிறுதோறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவாள். வருகிற எண்ணிலிருந்து தன் நாற்பத்தாறு கிலோவைக் கழிப்பாள். ஆறு மாதமாக ஐம்பத்து நான்குதான் வருகிறது. குழந்தை எட்டிலேயே நிற்கிறாள்.

“இன்னும் என்னதாங்க குடுக்குறது?” என்று அழுதாள்.

“எதுக்கும் நீ மட்டும் ஏறு,” என்று கணவன் குழந்தையை வாங்கிக்கொண்டான்.

நாற்பத்து நான்கு.

“அப்போ இவ பத்து கிலோ! புள்ள தேறிட்டாடி!” என்று சிரித்தவன், மறுபடியும் அந்த எண்ணைப் பார்த்தான்.

யாழினி அம்மாவிடம் தாவினாள். மேகலை கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகளை நீட்டினாள்.

“குடுங்க, பசிக்குது அவளுக்கு.”

அவன் குழந்தையைக் கொடுக்காமல் நின்றான்.