கேட்டருகே ஒரு சத்தியம்

"ஆபரேஷனுக்கு அப்புறம் மாசாமாசம் ஒழுங்கா வருதாம்மா?"

ஆம்பூர் ஷூ கம்பெனி கேட்டில், ஷிப்ட் முடிந்து வந்த சோபனாவிடம் முன்பின் தெரியாத ஓர் அம்மா கேட்டாள்.

"இன்னா ஆபரேஷன்?"

"சினைப்பையில நீர்க்கட்டி எடுத்தாங்களே. கொழந்த பொறக்கும்னு டாக்டர் சொன்னாங்களா?"

சோபனாவுக்குப் பகீரென்றது. அந்த விஷயத்தை மறைத்துத்தான் அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார்தான் விசாரிக்க ஆள் அனுப்பியிருக்க வேண்டும்.

"எனக்கு ஆபரேஷனே நடக்கல. எங்கம்மா மேல சத்தியம்."

அந்த அம்மாவின் முகம் வாடியது.

"அப்ப ஆஸ்பத்திரி நர்சு ஆள மாத்தி சொல்லிட்டாங்க போல. எம் பொண்ணுக்கு நாளைக்கு அதே ஆபரேஷன். அப்புறம் கொழந்தையே பொறக்காதுன்னு பயந்து வரமாட்டேன்றா. அத பண்ணிக்கினு கல்யாணம் ஆவப்போற பொண்ண நேர்ல காட்டலாம்னு கூட்டிக்கினு வந்தேன்."

அவள் பின்னாலிருந்து ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்தாள்.

"இரும்மா! நான் சொன்னது பொய்," சோபனா பதறினாள். "எனக்கும் பண்ணாங்க. கொழந்த பொறக்கும்னு டாக்டரே சொன்னாங்க."

அந்தப் பெண் சோபனாவை ஏற இறங்கப் பார்த்தாள். தன் அம்மாவையும் அப்படியே பார்த்தாள். "அம்மா மேல யாராவது பொய் சத்தியம் பண்ணுவாங்களா?" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.