கறுப்புத் தாள் வைத்த வள்ளம்

“நீல வள்ளத்திலையும் வெடிப்பில்லை, பச்சை வள்ளத்திலையும் வெடிப்பில்லை. நான் துலைஞ்சன், வஸீர் நானா!”

அபிசா சோதனைக் கருவியை எருக்கலம்பிட்டிக் கரை மணலில் வைத்துவிட்டு அப்படியே குந்தினாள்.

“வெடிப்பில்லாட்டி நல்லதுதானே, தங்கச்சி?” வள்ளம் கட்டும் வஸீர், கவிழ்ந்து கிடந்த தன் சிவப்பு வள்ளத்துக்குப் பைபர் ஒட்டிக்கொண்டே கேட்டார்.

“என்ன நல்லது? நீலத்தின்ர பைபருக்குள்ள மட்டும்தானே நனோ காபன் தாள் வைச்சது? ஒரு வருசத்தில பச்சை வெடிக்கோணும், நீலம் வெடிக்கக்கூடாது. அப்பதான் தாளால பலன் எண்டு எழுதலாம். இப்ப கம்பஸில என்னத்தைக் காட்டுறது? என்ர பட்டம் போச்சு!”

பச்சை வள்ளத்துக்காரன் பெனடிக்ற் வலையை உதறியபடி சிரித்தான். “என்ர வள்ளம் உடையேல்லை எண்டுதான் பிள்ளைக்குக் கவலை!”

“ஐயோ அண்ணை, அப்பிடியில்லை...” அபிசாவுக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“வேணுமெண்டா சொல்லுங்க, இவன்ர வள்ளத்தை இப்பவே கல்லில இடிச்சிட்டு வாறன்” என்றான் நீல வள்ளத்து நஸார். “ஆனா வஸீர் நானாவோட நாங்க மூண்டு பேரும் ஒண்டாத்தான் தொழிலுக்குப் போறம். இடிக்கிறதெல்லாம் ஒரே கல்லிலதான்.”

“பிறகேன் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு?”

வஸீர் தூரிகையைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, ஏசக்கூடாது. வெள்ளத்தால நீங்க வராத அண்டைக்கு நான்தானே அந்த வெங்காயத்தோல் மாதிரித் தாளை வைச்சன். நீலத்துக்கு ரெண்டு தாள் எண்டு தந்தீங்க. இவங்க ரெண்டு பேரும் இடம்பெயர்ந்து இருந்து இப்பதான் ஊர் திரும்பி, பிள்ளைகுட்டிக்காகக் கடலுக்குப் போறவங்க. ஒருத்தனுக்குக் குடுத்து மத்தவனுக்கு இல்லையெண்டா, நான் அவன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? ஆளுக்கு ஒண்டு வைச்சிட்டன்.”

பெனடிக்ற்றும் நஸாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அபிசா தலையில் கைவைத்தாள்.

“நாசமாப் போச்சு! தாள் வைக்காத வள்ளம் ஒண்டு இல்லாமல் நான் எதோட ஒப்பிடுறது?”

வஸீர் நாலு இடத்தில் வெடித்து ஒட்டுப் போட்டிருந்த தன் சிவப்பு வள்ளத்தைத் தட்டினார்.

“இதோட. அதே அச்சு, அதே கிழமை வார்த்தது. எனக்குத்தான் தாள் மிஞ்சேல்ல.”