முழுசாப் படிச்சவங்க

“நன்றி சொல்ற பக்கத்துல இருந்து உன் தம்பி பேரைத் தூக்கிடப் போறேன்” என்றார் தணிக்கையாளர்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

“அவன் என்ன பண்ணான்?”

“ஒண்ணும் பண்ணலை. அதான் குத்தம். நாவலை அனுப்பி எத்தனை நாளாச்சு? கேட்டா, ‘இன்னும் படிக்கலை அத்தான், கொஞ்சம் பொறுங்க’ங்கறான். அச்சகத்துல ஊரார் எழுதினதுக்கெல்லாம் பிழை திருத்துறான், என் நாவலைப் படிக்க மட்டும் நேரமில்லை. எல்லாம் வயித்தெரிச்சல்.”

வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தே பேர் வாங்கியவர். ஓய்வு பெற்ற கையோடு நாவல் எழுதிவிட்டார். அரதப்பழசான கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியது. நண்பர்களுக்கும் மச்சினனுக்கும் மெயிலில் அனுப்பி, ‘டேப்லெட்டில் சாய்ந்துகொண்டு வசதியாகப் படிக்கவும்’ என்று யோசனையும் சொல்லியிருந்தார்.

“பல் டாக்டரைப் பாரு. வெளியே நோயாளிங்க கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க, ஒரே மூச்சுல படிச்சாராம். கடைசி அத்தியாயத்துல அழுது டேப்லெட்டே நனைஞ்சிடுச்சாம். வக்கீல், ஒரு வரியைக்கூட மாத்தாதீங்கன்னுட்டார். அவங்க மனுஷங்க.”

“டாக்டர் சொல்லாம இருப்பாரா? அவர் கவிதைக்கு நீங்க அணிந்துரை எழுதிக் கொடுத்தீங்களே.”

“சும்மா எழுதலை. டேப்லெட்ல வரிவரியா ரசிச்சுப் படிச்சிட்டுத்தான் எழுதினேன். உன் தம்பி மாதிரியா நான்?”

அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. புத்தகத்தில் பெயர் இல்லையென்றால் விழாவுக்கு வர மாட்டான். அப்புறம் இந்த வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டான்.

“சாயங்காலம் பதிப்பகத்துக்கு அனுப்பணும். அதுக்குள்ள அவன் பேரை அடிச்சிடறேன்” என்று அவர் எழுந்தபோது அழைப்பு மணி அடித்தது.

தம்பிதான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் டேப்லெட்.

“போன் பண்ணேன் அத்தான், நீங்க எடுக்கலை.”

“எடுக்க மனசில்லை.”

“பரவாயில்லை, வேலை முடிஞ்சுது. நீங்க அடிச்சது ரொம்பப் பழைய எழுத்துரு. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் தமிழாத் தெரியும். டேப்லெட்ல திறந்தா எப்படி வருதுன்னு பாருங்க.”

நீட்டினான். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. தள்ளத் தள்ள அதேதான். கடைசிப் பக்கம் வரை தேடியும் ஒரு ‘அ’ கூடக் கிடைக்கவில்லை.

“புது எழுத்துருவுக்கு மாத்தினேன். அதுல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிச்சுக்கிட்டுப் போச்சு. எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சு ஒட்ட வச்சிருக்கேன். இப்படியே பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தா மானம் போயிருக்கும் அத்தான். எழுத்தைத்தான் பார்த்தேன், கதையை இனிமேதான் நிதானமாப் படிக்கணும்.”

தணிக்கையாளருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவமானம் அவரிடம் ரொம்ப நேரம் தங்காது. கோபமாக மாறிவிடும்.

“அப்போ அந்த டாக்டர் எதைப் படிச்சு அழுதார்? வக்கீல் எந்த வரியை மாத்த வேணாம்னார்? திறந்துகூடப் பார்க்காம புகழறதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்? முதல்ல அந்த டாக்டர் பேரை அடிக்கிறேன்.”

மனைவி மேஜை மேல் கிடந்த அவருடைய டேப்லெட்டை எடுத்தாள். ஏதோ தட்டினாள். ஒன்றிரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திருப்பினாள்.

“டாக்டரோட கவிதைங்க. இதுவும் அதே ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாத்தான் இருக்கு. நீங்க வரிவரியா ரசிச்சது இதைத்தானே?”