அமீபாவுக்கு ஒரு வெந்நீர்ப் பை

கொடைக்கானல் கல்லூரி ஆய்வகத்தின் ஜன்னலை மூடுபனி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நுண்ணோக்கிக்குச் சூடு தரும் கருவி காலையிலேயே படுத்துவிட்டது. வயிற்றுக்கடுப்பு அமீபாவோ மனிதக் குடலின் சூட்டில் வாழ்ந்து பழகியது; குளிர்ந்தால் சுருண்டுவிடும். அதனால் ஆசிரியர் ஜேசன், மனைவி அனிட்டா இறந்துபோனதிலிருந்து தொடாத வெந்நீர்ப் பையை வீட்டிலிருந்து எடுத்துவந்து, அமீபாக்கள் இருக்கும் மூடிய கண்ணாடித் தட்டை ஒட்டி அணைத்துப் பிடித்திருக்கிறான். ரப்பர் மணக்கிறது. அவன் முகத்தில் ஒன்றுமில்லை. “இந்தக் குளிருக்கு இதுகளும் போர்வை கேக்குதுங்க சார்,” என்கிறாள் ஆய்வு மாணவி ஆக்ஸிலியா. அவளுடைய இத்தனை வருட உழைப்பும் இந்த நுண்ணோக்கித் திரையில்தான் இருக்கிறது. அமீபாவின் செரிமான நொதி பச்சையாக ஒளிர்கிறது. அது போய்ச் சேரவேண்டிய லைசோசோம், செல்லின் செரிமான அறை, சிவப்பு. நொதியைச் சுமந்துபோவதாக அவள் நம்பும் புரதத்தை நீக்கியபோது பச்சை வழிதவறி அலைந்தது. இன்று அந்தப் புரதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பச்சை சிவப்பில் போய்ச் சேர்ந்து மஞ்சளானால் அவள் சொன்னது மெய். சூடு ஏற ஏற அமீபா மெல்லக் கால் நீட்டுகிறது. பச்சைப் புள்ளிகள் நகர்கின்றன. “ஏலே, அங்கிட்டு எங்க போற? இங்கிட்டு வா!” என்று ஆட்டை ஓட்டுவதுபோல் திரையை அதட்டுகிறாள். ஒரு புள்ளி மஞ்சளாகிறது. அடுத்து இன்னொன்று. பிறகு அந்தியில் பழனி மலைப்படி விளக்குகள் போலப் பொலபொலவென்று எல்லாம். “மஞ்சள் சார், மஞ்சள்!” அவள் குதித்ததில் ஸ்டூல் கவிழ்கிறது. யாரோ சிரிக்கும் சத்தம் கேட்கிறது. அது தன்னுடையதுதான் என்று ஜேசனுக்குச் சற்றுப் பொறுத்தே தெரிகிறது. “பை ஆறுதும்மா,” என்கிறான், சிரிப்பை நிறுத்த முடியாமல். “வெரசா இன்னொரு கெட்டில் தண்ணி வை.”