டாக்டரம்மாவின் நீல மேகம்

"என் மேகத்தை யார் தொட்டது?" என்றுதான் பல் டாக்டரம்மா கத்தியதாக நினைவு. 'தொலைத்தது' என்றும் இருந்திருக்கலாம். வார்த்தையில் எனக்குச் சந்தேகம் உண்டு, சத்தத்தில் இல்லை.

காலை எட்டு மணி. முந்தின இரவு மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைத்து எடுத்த நாற்பது படங்களும் கம்ப்யூட்டரில் இருந்தன. எல்லாவற்றிலும் அவளுடைய நட்சத்திரம் மொட்டையாக நின்றது. அதைச் சுற்றியிருந்த நீலப் புகையைக் காணோம்.

அது வெறும் புகை இல்லை. நட்சத்திர வெளிச்சம் பட்டு மினுங்கும் தூசு மேகம். அதுவும் இதுவரை யார் கண்ணிலும் படாதது. போன மாதம் அவள் எடுத்த படத்தை வானியல் சங்கம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இன்று மாலைக்குள் இன்னொரு படம் அனுப்பினால்தான் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடிப்பு அவள் பேரில் ஏறும்.

"எல்லாம் அந்தத் தபால்காரர் கண்ணு பட்டதுதான்."

"பாவம், அவர்தான் சங்கத்தையே விட்டுப் போயிட்டாரே" என்றான் கணவன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன்.

"போகாம என்ன? 'படத்து மூலையில இருக்கற நட்சத்திரத்தைச் சுத்தியும் புகை தெரியுதே'ன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டார். என் வீட்டுக்காரர் கடையில போய் நல்ல கண்ணாடியா வாங்கிப் போடுங்கன்னேன். அதுல என்ன தப்பு?"

அவன் அவள் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, ஊதி, சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டான். கோபத்தில் அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா? நேத்து ராத்திரிக்கு முன்னாடி யாரோ டெலஸ்கோப்பைத் தொட்டிருக்காங்க. நீங்களா?"

"கோபப்படாதே."

"படுவேன். என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

அவன் அவளுடைய வலது கையைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"லென்ஸ் நடுவுல உன் கட்டைவிரல் ரேகை பிசுபிசுன்னு இருந்துது, ஞாயித்துக்கிழமை துடைச்சு வச்சேன்."